பெரியவர்கள் மறுத்த இரண்டு விடைகள்

(கல்லூரி அறிவியல் மன்றம் ஒன்றில், மாணவர்களும் ஆய்வு நெறியாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புகழ்பெற்ற இயற்பியலாளர்களும் பிரபஞ்சமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கலிலியோவில் தொடங்கி நியூட்டன், மாக்ஸ்வெல், ஐன்ஸ்டைன் என்று ஒவ்வொருவராகப் படம் காட்டிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். அந்த வரிசை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் வந்து ஒப்பிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நட்சத்திரம் எதனால் ஆனது, எரிந்து முடிந்தபின் என்ன ஆகும்? இந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு 25 வயதுப் பெண் ஒருவர் சரியான விடை சொன்னார். இரண்டாம் பாதிக்கு 24 வயது இளைஞர் ஒருவர் சொன்னார். அந்தக் காலத்து வானியலில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் யாருடைய பேச்சுக்கு மறுபேச்சு இல்லையோ, அந்த இருவரும் இந்த விடைகளைத் தவறு என்றார்கள். விடைகள் நின்றன. ஆனால் அவை நிலைபெறுவதற்குள் என்னென்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகஸ்த் காம்ட் 1835-இல் ஒரு முடிவைச் சொன்னார். விண்மீன்களின் தூரத்தை அளக்கலாம், உருவத்தையும் அசைவையும் அறியலாம். ஆனால் அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதன் எக்காலத்திலும் அறிய முடியாது. நியாயமான பேச்சாகத்தான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். ஒரு பொருளைச் சோதிக்க வேண்டுமானால் அதைக் கொஞ்சம் எடுத்து வந்து குடுவையில் போட வேண்டும். நட்சத்திரத்தை யார் எடுத்து வருவது?

வேடிக்கை என்னவென்றால், விடைக்கான தடயம் அப்போதே அச்சில் இருந்தது. பவேரியாவில் யோசஃப் ஃபிரான்ஹோஃபர் என்று ஒரு கண்ணாடித் தொழிலாளி. 11 வயதில் பெற்றோரை இழந்தவர். கண்ணாடிப் பட்டறை ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது 1801-இல் அந்த வீடே இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிறுவனுக்கு அந்நாட்டு ஆட்சியாளர் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் அவன் புத்தகங்களும் கருவிகளும் வாங்கினான். வளர்ந்து, ஐரோப்பாவின் மிகச் சிறந்த கண்ணாடி வில்லைகளைச் செய்யும் கைவினைஞன் ஆனான். 1814-இல் தன் முப்பட்டகத்தின் தரத்தைச் சோதிக்கச் சூரிய ஒளியை அதன் வழியே செலுத்திப் பார்த்தபோது, வானவில் நிறங்களின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. சில கோடுகளை அதற்கு முன்பே ஆங்கில அறிவியலாளர் வுல்லாஸ்டன் கவனித்திருந்தார். ஃபிரான்ஹோஃபர் 500-க்கும் மேற்பட்ட கோடுகளை இடம் குறித்து வரைந்தார். வெள்ளிக் கோளின் ஒளியிலும் அதே கோடுகள் இருந்தன. சிரியஸ் விண்மீனின் ஒளியில் வேறு கோடுகள். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 39 வயதில் இறந்துபோனார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஹைடல்பெர்க்கில் வேலை செய்த கிர்ச்சாஃபும் பன்சனும். காம்ட் இறந்தது 1857-இல். இரண்டே ஆண்டுகள் கழித்து, சோடியத்தை எரித்தால் வரும் மஞ்சள் கோடுகளும் சூரிய நிறமாலையின் குறிப்பிட்ட இரண்டு கறுப்புக் கோடுகளும் அச்சாக ஒரே இடத்தில் விழுகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களை உமிழும். அதே தனிமம் குளிர்ந்த வாயுவாக இடையில் நின்றால் அதே நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும். சூரியனின் மேலடுக்கில் சோடியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, கால்சியம் இருக்கிறது. குடுவை தேவைப்படவில்லை.

இந்தக் கதையில் நம் பக்கமும் ஓர் அத்தியாயம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியா வழியாகப் போனது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்குப் பிரான்சிலிருந்து வானியலாளர் ஷான்சென் வந்தார். நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி தனியே ஒரு குழுவோடு வனபர்த்தி போனார். இவர் அதற்கு முந்தைய ஆண்டுதான், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்திருந்தார். நம் பள்ளிகளில் யாரும் இவர் பெயரைச் சொல்வதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். கிரகணத்தின்போது சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன. அவற்றுள் ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் விழாமல் சற்றுத் தள்ளி விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யரும் அந்தக் கோட்டைக் கண்டு, பூமியில் இதுவரை அறியாத தனிமம் இது என்று துணிந்தார். ஹீலியம். பூமியில் அது வேதியியலாளர் ராம்சேயின் கையில் அகப்பட 1895 ஆயிற்று. 27 ஆண்டுகள் சூரியனில் மட்டுமே இருந்த பொருள்!

ஆக, 1900 வாக்கில் நட்சத்திரங்களில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் ஓரளவு கையில் இருந்தது. எது எவ்வளவு என்பது தெரியாது. கோடுகளின் பட்டியலைப் பார்த்தால் இரும்பு, கால்சியம், சோடியம், மெக்னீசியம் என்று பூமியின் பாறைகளைப் போலவே இருந்தது. ஆகவே சூரியன் என்பது கடுமையாகச் சூடேற்றிய பூமி மாதிரி என்று பலரும் எண்ணினார்கள். பூமியைச் சூரிய வெப்பத்துக்குச் சூடாக்கினால் அதன் நிறமாலை ஏறக்குறைய சூரியனுடையதைப் போலவே இருக்கும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ரோலண்ட் சொன்னார். அமெரிக்க வானியலின் தலைமகனாக இருந்த பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலும் அப்படித்தான் நம்பினார்.

இந்த இடத்தில்தான் மேகநாத் சாகா வருகிறார். டாக்கா அருகே ஒரு சிற்றூர்ப் பெட்டிக்கடைக்காரரின் மகன். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சத்தியேந்திரநாத் போஸின் வகுப்புத் தோழர். விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர். தொடக்க நாட்களில் ஒரு கட்டுரையை அமெரிக்க வானியற்பியல் இதழுக்கு அனுப்பியபோது, அச்சுச் செலவில் ஒரு பங்கைத் தர முடியுமா என்று கேட்டு எழுதினார்கள். பணம் இல்லை. கட்டுரை அப்படியே நின்றுபோனது. 1920-இல், 26 வயதில், அவர் வெளியிட்ட சமன்பாடு வானியலின் கணக்கையே மாற்றியது.

சாகா சொன்னது இதுதான். வெப்பம் ஏற ஏற அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எந்தத் தனிமத்தின் எத்தனை பங்கு அயனியாகும் என்று கணக்கிடலாம். அப்படியானால் ஒரு கோடு அழுத்தமாகத் தெரிவதற்கு அந்தத் தனிமம் ஏராளமாக இருப்பது மட்டுமே காரணமாகாது. வெப்பநிலை அதற்குச் சாதகமாக இருப்பதும் காரணமாகலாம். பொதுக்கூட்டத்தில் உரக்கக் கத்துகிறவன் எந்தக் கட்சி என்று பார்த்து, வந்தவர்களில் அந்தக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் என்று முடிவு கட்ட முடியுமா? கால்சியம் சூரிய ஒளியில் கத்திக்கொண்டிருந்தது. ஹைட்ரஜன் மெல்லப் பேசியது.

இப்போது செசிலியா பெய்னிடம் வருகிறேன். இங்கிலாந்தில் வெண்டோவர் என்ற ஊரில் 1900-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹம் கல்லூரியில் தாவரவியலோடு படித்துக்கொண்டிருந்தபோது, 1919 இறுதியில் ஆர்தர் எட்டிங்டனின் சொற்பொழிவு ஒன்று நடந்தது. அந்த ஆண்டு மே மாதக் கிரகணத்தில் பிரின்சிபே தீவுக்குப் போய், சூரியன் அருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று கொண்டுவந்தவர் எட்டிங்டன். தோழிக்கென இருந்த நுழைவுச்சீட்டு பெய்னின் கைக்கு வந்தது. போய்க் கேட்டார். அறைக்குத் திரும்பி அந்தச் சொற்பொழிவு முழுவதையும் ஏறத்தாழ வரிக்கு வரி எழுதி வைத்தார். அன்றோடு தாவரவியலை விட்டு இயற்பியலுக்கு மாறினார். எட்டிங்டன் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு வேடத்தில் வருவார்.

கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. 1948 வரை அதுதான் நிலை. ஆராய்ச்சி செய்ய இடமில்லை என்று கண்ட பெய்ன் 1923-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்துக்குப் போனார். அங்கே லட்சக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் விண்மீன்களின் நிறமாலைகள் பதிந்து கிடந்தன. ஆனி ஜம்ப் கேனன் என்ற அம்மையார் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண்ணால் பார்த்தே வகை பிரித்து முடித்திருந்தார். தகடுகள் இருந்தன, வகைகள் இருந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்று சொல்லச் சாகாவின் சமன்பாட்டையும் புதிய குவாண்டம் இயற்பியலையும் ஒருங்கே அறிந்த ஆள் அங்கே இல்லை. பெய்ன் அந்த ஆளாக வந்து சேர்ந்தார்.

அவர் செய்த கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் அழகே அதில்தான். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 6000 டிகிரி. நம் கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகள் உண்டாக வேண்டுமானால், ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரான் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறி நிற்க வேண்டும். அந்த வெப்பத்தில் அப்படி ஏறி நிற்பவை ஏறத்தாழ 20 கோடியில் ஓர் அணுதான். கால்சியத்தின் கதை வேறு. அதன் அணுக்களில் பெரும்பாலானவை ஓர் எலெக்ட்ரானை இழந்து, அழுத்தமான கோடுகளைத் தருவதற்கு ஏற்ற நிலையிலேயே இருக்கின்றன. 20 கோடியில் ஒன்று மட்டும் பேசும்போதே ஹைட்ரஜனின் குரல் இவ்வளவு கேட்கிறது என்றால், மொத்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்! சூரியனில் ஒரு கால்சியம் அணுவுக்கு சுமார் 5 லட்சம் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன என்பது இன்றைய கணக்கு. பெய்னின் கணக்கு, ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம் என்றது. ஹீலியமும் மிக அதிகம். மற்றத் தனிமங்கள் ஏறத்தாழ பூமியில் இருக்கும் விகிதத்தில்.

1925 தொடக்கத்தில் ஆய்வேட்டின் வரைவு ரஸ்ஸலிடம் போனது. மற்றப் பகுதிகளை அவர் பாராட்டினார். ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு இருப்பது வெளிப்படையாகவே இயலாத காரியம் என்று எழுதிவிட்டார். அவர் ஒப்புக்கொள்ளாமல் அமெரிக்காவில் வானியலில் வேலை கிடைக்காது என்ற காலம். பெய்ன் தம் ஆய்வேட்டில், ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த அந்தப் பெரிய அளவுகள் ஏறக்குறைய நிச்சயமாக உண்மையானவை அல்ல என்று தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். எண்களை மட்டும் அட்டவணையிலிருந்து நீக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் ரஸ்ஸலுக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் மறுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் வேறொரு முறையில் சூரியனின் கோடுகளை ஆராய்ந்தார். 1929-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை பெய்ன் சொன்ன அதே முடிவுக்கு வந்தது: சூரியனில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன். பெய்னின் முடிவோடு தம் முடிவு ஒத்துப்போவதை அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டார். தம் கடிதத்தால்தான் பெய்ன் பின்வாங்கினார் என்பதைக் குறிப்பிடவில்லை. பல காலம் வரை கண்டுபிடிப்பின் பெருமை ரஸ்ஸல் பெயரிலேயே வழங்கியது.

பெய்ன் ஹார்வர்டில் பாடம் நடத்திய வகுப்புகள் 1945 வரை பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1956-இல்தான் முழுப் பேராசிரியர் ஆனார். அதே கையோடு துறைத் தலைவரும் ஆனார். வானியலில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளிலேயே மிகச் சிறந்தது இது என்று வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ போன்றோர் பின்னாளில் எழுதினார்கள். தாம் சரி என்று நம்பியும் பெரியவர் வார்த்தைக்கு இணங்கிப்போனது தம் தவறுதான் என்று பெய்ன் தம்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். 1976-இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தன் உயரிய பரிசை வழங்கியது. அந்தப் பரிசின் பெயர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் பரிசு.

சரி, நட்சத்திரம் ஹைட்ரஜன். அது ஏன் எரிகிறது? இதற்கும் எட்டிங்டனிடம்தான் போக வேண்டும். சூரியன் தன் எடையால் சுருங்கிச் சுருங்கித்தான் வெப்பம் தருகிறது என்று கெல்வின் கணக்கிட்டிருந்தார். அப்படியானால் அதன் வயது சில கோடி ஆண்டுகளுக்கு மேல் போகாது. பாறைகளைப் படிப்பவர்களும் டார்வினின் வழிவந்தவர்களும் அது போதவே போதாது என்றார்கள். 1920-இல் ஆஸ்டன் அணுக்களின் நிறையைத் துல்லியமாக அளந்து, நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறை ஒரு ஹீலியம் அணுவின் நிறையைவிடச் சற்று, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதிகம் என்று காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கார்டிஃப் நகரில் பேசிய எட்டிங்டன் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது காணாமல்போகும் அந்தச் சிறு நிறைதான் ஆற்றலாக வெளிவருகிறது. விண்மீனில் நூற்றுக்கு 5 பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே போதும் என்றார். நட்சத்திரத்தின் மையம் அதற்குப் போதிய சூடு இல்லை என்று இயற்பியலாளர்கள் ஆட்சேபித்தபோது, இதைவிடச் சூடான இடம் ஒன்றைப் போய்த் தேடிக்கொள்ளுங்கள் என்று பதில் கொடுத்தார். பக்திமிக்க குவேக்கர் கிறித்தவர் ஒருவர் நாசூக்காகச் சொன்ன 'நரகத்துக்குப் போங்கள்' அது!

ஆட்சேபணைக்கு 1928-இல் இயற்பியலாளர் காமோவின் குவாண்டம் கணக்கு பதில் சொன்னது. 1939-இல் ஹான்ஸ் பெத்தே அணுக்கரு வினைகளைப் படிப்படியாக எழுதிக் காட்டினார். 5 பங்கு போதும் என்று எட்டிங்டன் கேட்ட இடத்தில், பெய்னின் கணக்கு கிட்டத்தட்ட மொத்தத்தையும் ஹைட்ரஜனாகக் கொடுத்தது. சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் 40 லட்சம் டன் நிறை ஒளியாகிப் போகிறது. இப்படியே இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும். கெல்வினின் சில கோடி எங்கே, இது எங்கே!

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. எரிபொருள் தீர்ந்தபின்?

சிரியஸ் விண்மீனுக்கு மங்கலான துணை ஒன்று உண்டு. சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம். அதில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் 2 டன்னுக்கு மேல் எடையிருக்கும். இப்படிப்பட்டவற்றை வெண்குள்ளன் என்கிறோம். எரிபொருள் இல்லாத இந்த விண்மீன் தன் எடையிலேயே நொறுங்கிவிடாமல் எப்படி நிற்கிறது? ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதி ஒருவித எதிரழுத்தத்தைத் தருகிறது, அதனால் நிற்கிறது என்று 1926-இல் ரால்ஃப் ஃபவுலர் விளக்கினார். எல்லா நட்சத்திரமும் இப்படி வெண்குள்ளனாகி அமைதியாகக் குளிர்ந்து முடியும் என்று அப்போது எண்ணினார்கள். எட்டிங்டனுக்கு நிம்மதி.

சென்னை மாநிலக் கல்லூரியில் அப்போது சுப்பிரமணியன் சந்திரசேகர் மாணவர். லாகூரில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த இந்த மாணவன் நேரே போய்ச் சந்தித்தான். நீ படித்ததெல்லாம் பழையதாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், எலெக்ட்ரான்களுக்கான புதிய புள்ளியியல் பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அந்த ஒரு சந்திப்பு போதுமானதாக இருந்தது.

1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறினார் சந்திரசேகர். வயது 19. கப்பலில் ஃபவுலரின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். விண்மீனின் நிறை கூடக்கூட எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்; ஃபவுலர் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால், எதிரழுத்தம் ஓர் எல்லைக்குமேல் எடைக்கு ஈடுகொடுக்காது. வெண்குள்ளன் என்பது ஒரு குறிப்பிட்ட நிறைக்குள்தான் சாத்தியம். இன்று நாம் வைத்திருக்கும் அளவு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்டது?

அந்தக் கேள்விக்கு விடையில்லாமலேயே சிறு கட்டுரை 1931-இல் அமெரிக்காவில் வெளியானது. முழுக் கணக்கையும் அவர் முடித்தது 1934 இறுதியில், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராக. அதே கல்லூரியில்தான் எட்டிங்டனும். அடிக்கடி சந்திராவின் (சந்திரசேகரை அப்படித்தான் அழைத்தார்கள்) அறைக்கு வந்து, கணக்கு எங்கே நிற்கிறது என்று விசாரித்துப் போவார். 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரா பேசி அமர்ந்தார். அடுத்த பேச்சு எட்டிங்டனுடையது. என்ன பேசப்போகிறார் என்று சந்திராவுக்குக் கடைசி வரை தெரியாது. இவ்வளவு நாள் அறைக்கு வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டிங்டன் எழுந்து அந்தக் கணக்கின் அடிப்படையையே கேலி செய்தார். சந்திராவின் கணக்குப்படி பெரிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும். சில கிலோமீட்டர் ஆரத்துக்கு வந்தபின் ஈர்ப்பு ஒளியையும் வெளியே விடாத அளவுக்கு வலுத்து, அப்போதுதான் அதற்கு நிம்மதி கிடைக்கும் என்றார். இது அபத்தம், ஒரு நட்சத்திரம் இப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருக்க வேண்டும் என்றார். அவையில் சிரிப்பு. கவனியுங்கள்: அவர் கேலியாக வருணித்தது கருந்துளையை. அன்றைக்கு அந்த அவையிலேயே அதன் தர்க்கத்தை மிகத் தெளிவாகப் பார்த்தவர் அவர்தான். பார்த்தார், பிடிக்கவில்லை, வேண்டாம் என்றார்.

அதே ஆண்டு பாரிசில் சர்வதேச வானியல் மாநாடு. எட்டிங்டன் ஒரு மணி நேரம் பேசி மீண்டும் சந்திராவின் ஆய்வைத் தாக்கினார். தாம் பதில் சொல்ல விரும்புவதாகச் சந்திரா அவைத் தலைவருக்குச் சீட்டு அனுப்பினார். வேண்டாம் என்பதே தம் விருப்பம் என்று தலைவரிடமிருந்து பதில் சீட்டு வந்தது. தலைவர் யார் தெரியுமா? ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். பத்து ஆண்டுகளுக்கு முன் பெய்னுக்குக் கடிதம் எழுதிய அதே கை.

பவுலி போன்ற இயற்பியலாளர்கள் சந்திராவின் பக்கமே நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாக எட்டிங்டனை எதிர்த்து எழுதப் பெரும்பாலோர் முன்வரவில்லை. சந்திரா சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலில் தம் கணக்கை முழுவதும் எழுதி வைத்துவிட்டு, அந்தத் துறையையே விட்டு வேறு ஆராய்ச்சிக்கு மாறினார். பெய்ன் செய்ததுபோல் அல்லாமல், தம் முடிவுக்கு எதிராக அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எட்டிங்டனோடு நட்பையும் முறிக்கவில்லை, கடிதங்கள் தொடர்ந்தன. 1944-இல் எட்டிங்டன் மறைந்தபோது உயர்வாகவே பேசினார்.

இந்த இரண்டு மறுப்புகளையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரஸ்ஸல் தரவைப் பார்த்துச் சந்தேகப்பட்டார், தானே உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார், மாறினார்; ஒரு பெண்ணின் உழைப்புக்கு உரிய பெயரைத் தரத் தவறினார். எட்டிங்டன் யாருடைய பெயரையும் பறிக்கவில்லை, எல்லாவற்றையும் மேடையில் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் தனக்குப் பிடிக்காத விடை என்பதற்காக இயற்பியலையே வளைக்கப் பார்த்தார், சாகும்வரை மாறவில்லை. மனிதர் என்ற முறையில் ரஸ்ஸலின் குற்றம் பெரிது. அறிவியலாளர் என்ற முறையில் எட்டிங்டனின் குற்றம் பெரிது. ஹைட்ரஜன் நான்கு ஆண்டுகளில் தன் இடத்தைப் பிடித்தது. சந்திராவின் எல்லைக்கு அப்பால் என்ன என்ற கேள்வி, 1939-இல் ஓப்பன்ஹைமர் குழுவினர் தொட்டதைத் தவிர, 1960-கள் வரை பெரும்பாலும் தீண்டப்படாமல் கிடந்தது. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜாஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வெண்குள்ளனைவிடவும் நெருக்கமாக ஒடுங்கிய, துடிக்கும் நியூட்ரான் விண்மீனைக் கண்டார். அதற்கான நோபல் பரிசு 1974-இல் அவருடைய நெறியாளருக்குப் போனது. என்ன சொல்ல!

அதற்குள் விண்மீன்களைப் பற்றிய இன்னொரு விஷயமும் தெளிந்திருந்தது. 1952-இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் பால் மெரில் சில செம்பெரு விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியம் நிலையற்ற தனிமம். நீண்ட நாள் தாங்கும் வகைகூடச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பல கோடி ஆண்டு வயதுள்ள விண்மீனில் அது இருக்கிறதென்றால், அங்கேயே அண்மையில் சமைந்திருக்க வேண்டும். தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் உருவாகின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. அடுத்த ஆண்டே ஃபிரெட் ஹாய்ல், கார்பன் அணுக்கருவுக்கு இன்ன ஆற்றலில் ஒரு தனி நிலை இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் உலகில் கார்பனே இருக்காது என்று கலிஃபோர்னியாவுக்குப் போய் அடம்பிடித்தார். வில்லியம் ஃபவுலரின் (முன்பு சொன்ன ரால்ஃப் ஃபவுலர் அல்ல, வேறொருவர்) ஆய்வகத்தில் தேடினார்கள். இருந்தது. 1957-இல் ஹாய்ல், ஃபவுலர், பர்பிட்ஜ் தம்பதியர் நால்வரும் எழுதிய நீண்ட கட்டுரை, இரும்பும் ஆக்சிஜனும் எப்படி விண்மீன்களில் உண்டாயின என்று காட்டியது. 1983-இல் நோபல் பரிசு இரண்டு பேருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது: ஒருவர் இந்த வில்லியம் ஃபவுலர், இன்னொருவர் சந்திரசேகர். கப்பல் பயணத்துக்கு 53 ஆண்டுகள் கழித்து. ஹாய்லுக்கு இல்லை.

அன்றே எட்டிங்டன் ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சந்திராவிடம் பிற்காலத்தில் கேட்டிருக்கிறார்கள். துறை வேகமாக வளர்ந்திருக்கும், ஆனால் அவ்வளவு இளமையில் அவ்வளவு புகழ் தமக்கு நல்லதாக இருந்திருக்காது என்ற பொருளில் பதில் சொன்னார். பெருந்தன்மையான பதில். அதை எட்டிங்டனுக்குச் சாதகமாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டவர் மன்னிக்கலாம், வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

இங்கே முன்வரிசையில் ஆய்வு நெறியாளர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் மாணவர் ஒருவர் நம்ப முடியாத ஓர் எண்ணைக் கொண்டுவந்தால், சந்தேகப்படுங்கள்; அது உங்கள் வேலை. ஆனால் அந்தச் சந்தேகத்தை மாணவரின் கையால் அவருடைய ஆய்வேட்டில் எழுத வைக்காதீர்கள். ரஸ்ஸல் செய்ததுபோல நீங்களே வேறு வழியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண் சரி என்று தெரிந்துவிட்டால், உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே, முன்பு நான் மறுத்தேன் என்பதையும் சேர்த்து, அந்த மாணவரின் பெயரை எழுதுங்கள். மாணவர்களே, உங்கள் எண்களை மட்டும் அட்டவணையிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.